இரண்டு இரவில் ஒரு கடற்பயணமா?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது சிங்கப்பூர்க் குடும்பங்களில் எழும் பேச்சுகளுள் ஒன்று, கப்பலில் ஒருமுறை போய்வரலாமா என்பது. இரண்டு இரவு, மூன்று இரவு என்று கூறுபோட்டு விற்கப்படும் உல்லாசக் கப்பல் உலாக்கள் இந்த ஆசைக்குத் தீனி போடுகின்றன. காசு கொடுப்போர், தாம் வாங்குவது என்ன என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

இரண்டு இரவு உலாவை மூன்று நாள் பயணம் என்றே விளம்பரம் கூறும். முதல் நாள் நண்பகல், கடப்பிதழும் கையுமாக முனையத்தில் வரிசையில் நிற்பதில் கழியும். ஏறியபின் உயிர்காப்புப் பயிற்சி, அது தேவையானதே. மாலையில்தான் கப்பல் கரையை விட்டு நீங்கும். மூன்றாம் நாள் காலையில் திரும்பிவிடும். அதற்கு முந்திய இரவே பெட்டிகளைக் கட்டி அறை வாயிலில் வைத்துவிட வேண்டும். ஆக, மூன்று நாள் என்னும் பெயருக்குள் எஞ்சி நிற்பது ஒரே ஒரு முழுநாள்!

செலவுக் கணக்கும் இத்தகையதே. துறைமுகக் கட்டணம் பயணத்திற்கென விதிக்கப்படுவது. இரவுகள் குறைந்தால் அதுவும் அதற்கேற்பக் குறைவதில்லை. பணியாளர் சேவைக் கட்டணம் தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு எனத் தனியே சேரும். பானங்களுக்கும் இணையத் தொடர்புக்கும் பெரும்பாலும் வேறு விலை. துறைமுகத்தில் பூட்டிக் கிடக்கும் சூதாட்டக்கூடம், கடலுக்குள் சென்றதும் கதவைத் திறந்துகொள்ளும். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுமா?

பணத்தை விடுவோம், கடலாவது கிடைக்கிறதா? உலகின் நெரிசல் மிக்க கடல்வழிகளுள் ஒன்றாகிய மலாக்கா நீரிணையில் கப்பல் இரவெல்லாம் செல்கிறது. அந்நேரம் பயணியோ, சாளரமற்ற அரங்கில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பினாங்கோ கிள்ளான் துறைமுகமோ வந்தால், சில மணி நேரம் இறங்கிக் கடைவீதியைச் சுற்றிவிட்டு ஓடிவந்து ஏறவேண்டும். பினாங்கைக் கண்டேன் என்று சொல்வதற்கு அது போதுமா?

2020 நவம்பரில், பெருந்தொற்றால் எல்லைகள் அடைபட்டிருந்தபோது, எந்த ஊரையும் தொடாமல் புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் உலாக்களைச் சிங்கப்பூர் அனுமதித்தது. அன்று அதற்கு நியாயம் இருந்தது. வேறு எங்கும் செல்ல வழியில்லை. எல்லைகள் திறந்துவிட்ட பின்னர் அந்த நியாயம் நிற்பதில்லை.

"ஒரு வாரம் விடுப்பு எடுக்க எல்லாராலும் இயலுமா? நடக்கமுடியாத முதியோர் வேறெங்குச் செல்வர்? அடுப்படியை விட்டு நகராத தாய்க்கு இரண்டு நாள் ஓய்வு கூடாதா?" என்று வினவுவோர் உண்டு. இவ்வினாக்கள் நேர்மையானவை. ஓய்வுக்காகச் செல்வோர் ஓய்வென்றே கூறிச் செல்லட்டும், அதில் குறையில்லை. மிதக்கும் தங்கும்விடுதியைக் கடற்பயணம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதே குறை.

ஏனெனில், மலாயாத் தமிழருக்குக் கடல் வேடிக்கைப் பொருளன்று. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளோடு இணைத்தது. அடுத்து வந்த 'சிதம்பரம்' 1985இல் தீக்கு இரையாகும் வரை அவ்வழியில் ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்து, ஏறத்தாழ ஒரு வாரம் உப்புக்காற்றில் கிடந்து வந்தவர்கள் இன்பப்பயணம் செய்யவில்லை. அத்துன்பத்தைப் போற்ற வேண்டியதில்லை. எனினும், ஊருக்கும் ஊருக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அவர்கள் உடலால் அறிந்தனர். அந்த அறிவை இரண்டு இரவுக் கேளிக்கை தராது.

அதனைப் பெற வேறு வழி உண்டு. மரினா பே கப்பல் முனையத்தின் அருகிலேயே மரினா சவுத் படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து சிறு படகில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் செயின்ட் ஜான்ஸ் தீவை அடையலாம். 1874 முதல் நோய்த்தடுப்பு நிலையமாக விளங்கிய தீவு அது. தொற்றுநோய் ஐயத்தால், கரைகாணும் தொலைவில் புலம்பெயர்ந்தோர் பலர் காத்துக்கிடந்த இடம். உல்லாசக் கப்பலுக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியே இதற்குப் போதும்.

தமிழாசிரியர் தம் மாணவரை ஒரு நாள் அங்கே அழைத்துச் செல்லட்டும். படகு அலையில் ஆடும். முகத்தில் நீர் தெறிக்கும். "எங்கள் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தார்? எத்தனை நாளில் வந்தார்?" என்று மாணவன் வீட்டிற்குச் சென்று கேட்பான். அவ்வினாவை எழுப்பாத உலா, எத்தனை இரவு நீண்டாலும் கொடுத்த காசுக்கு ஈடாகாது.