துப்பினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை!

காலையில் பட்டாசு ஆலைக்குக் கிளம்பும் சிவகாசி அம்மாக்களுக்கு ஒரு கவலை: 6 மாதக் குழந்தை ஊட்டிய கூழைத் துப்பிவிடுகிறதே!

பால் மட்டுமே குடித்துப் பழகிய நாக்கு, கெட்டியாக எது வந்தாலும் வெளியே தள்ளும். அது வெறுப்பு அல்ல. வாயைப் பிடித்துத் திணிக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, ஓரிரு ஸ்பூன் கொடுங்கள். முகம் திருப்பினால் நிறுத்திவிட்டு, மறுநாள் மீண்டும் கொடுங்கள். ஒரே உணவு பிடிக்க 10 முறைகூட ஆகலாம்.

அங்கன்வாடி சத்துமாவைத் தண்ணீராகக் கரைக்காமல், ஸ்பூனில் நிற்கும் பதத்தில் காய்ச்சுங்கள். ஒரு வயது வரை தேன் வேண்டாம். தாய்ப்பால் தொடரட்டும்.

வேலை முடிந்து வந்தால் குளித்து, உடை மாற்றிய பிறகே ஊட்டுங்கள். கையில் பட்டாசு மருந்து ஒட்டியிருக்கலாம். எடை கூடாவிட்டாலோ, அடிக்கடி புரையேறினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.