தெளுவுப் பானையும் கடைசி யூனிட்டும்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் தெளுவு இறக்குகிறவரிடம் அமில-காரக் கொள்கை பற்றிக் கேட்டால் சிரிப்பார். ஆனால் உள்ளே சுண்ணாம்பு தடவாமல் பானையை மரத்தில் கட்டமாட்டார். தடவாவிட்டால் ஈஸ்ட் புகுந்து தெளுவு கள்ளாகிவிடும். அதையும் விட்டுவைத்தால் பாக்டீரியா வேலையைக் காட்டும், மிஞ்சுவது அசிட்டிக் அமிலம் கலந்த வினிகர். சுண்ணாம்பின் காரத்தன்மைதான் அந்த நுண்ணுயிர்களை அடக்கி வைக்கிறது.

இதே அசிட்டிக் அமிலம் கல்லூரிப் பாடத்தில் 'வலுக்குறைந்த அமிலம்' என்று வருகிறது. 1884-ல் அர்ரீனியஸ், 1923-ல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும், அதே ஆண்டு லூயிஸ் என்று வரையறைகள் வரிசை கட்டும். மாணவர் மனப்பாடம் செய்வார், ஐந்து மார்க் வாங்குவார், மறந்துவிடுவார். நீரற்ற கரைப்பான்கள் கடைசி யூனிட். பலர் அதைச் சாய்ஸிலேயே விட்டுவிடுவார்கள்!

அப்படி விடப்படுவதுதான் பாடத்தின் உயிரே. அமிலத்தின் வலு அதன் பிறவிக்குணம் அல்ல, அது எதில் கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண ஆய்வுக்கூடக் கரைசலில், அசிட்டிக் அமிலத்தின் நூறு மூலக்கூறுகளில் ஒன்றோ என்னவோதான் தண்ணீருக்குப் புரோட்டானைக் கொடுக்கிறது. திரவ அம்மோனியாவில் அநேகமாக எல்லாமே கொடுத்துவிடும். அங்கே அது வலுவான அமிலம். அடர் கந்தக அமிலத்தில் போட்டால் இன்னும் வேடிக்கை: புரோட்டானை வாங்கிக்கொண்டு காரமாக நடந்துகொள்ளும்.

அந்த அமிலமே கரைப்பானாகவும் இருக்கும். தண்ணீரில் பெர்குளோரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சம வலுவாகத் தெரியும். தண்ணீர் இல்லாத அசிட்டிக் அமிலத்தில் (வால்பாறைக் குளிரில் கட்டியாக உறைந்துவிடும் சரக்கு இது) பெர்குளோரிக் முந்திக்கொள்வது தெரிந்துவிடும். வலுக்குறைந்த காரங்களான பல மருந்துகளை அளக்க, மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடங்கள் இந்த ஜோடியைத்தான் நம்புகின்றன. சாய்ஸில் விட்ட மாணவர் அங்கே வேலைக்குப் போனால் முதல் வாரமே முழிப்பார்.

ஆகவே கடைசி யூனிட்டை முதலில் நடத்தட்டும். மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவ அம்மோனியாவுக்குப் பொள்ளாச்சிக் கல்லூரி எங்கே போகும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் லூயிஸ் கொள்கைக்குக் கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் போதுமே! அது தன் புரோட்டானைத் தருவதில்லை; தண்ணீரின் ஹைட்ராக்சைடை இழுத்துக்கொள்கிறது, எஞ்சும் புரோட்டானால்தான் கரைசல் அமிலமாகிறது. அதில் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு வரும்வரை காஸ்டிக் சோடா சேர்த்து, பிறகு கொஞ்சம் கிளிசரின் ஊற்றிப் பாருங்கள். கிளிசரின் போரானைப் பிடித்துக்கொள்ளும், அமிலம் வலுவாகும், வந்த நிறம் காணாமல் போய்விடும்.