குட்டி ட்ரக்கும் நம் ஊர் மண்ணும்



பெருநாளுக்கு ஊர் திரும்பும் மாமாமாரின் பெட்டிகளில் சொக்லட்டுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் அடியில் சில வேளை ஒரு பெரிய அட்டைப் பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் நிஜ வண்டியில் எட்டில் ஒன்றோ பத்தில் ஒன்றோ அளவுள்ள ஒரு ட்ரக். பற்றரியில் ஓடும் வழமையான விளையாட்டுச் சாமான் அல்ல இது. உள்ளே பெருவிரல் அளவில் உண்மையான எஞ்சின் ஒன்று, சைலன்ஸர், எரிபொருள் தாங்கி, கிளச், கியர் எல்லாம் இருக்கும். கையிலுள்ள ரேடியோக் கருவியால் ஓட்ட வேண்டும். இதைத்தான் நைட்ரோ ட்ரக் என்கிறார்கள். 1999இல் அமெரிக்காவின் ட்ரக்ஸாஸ் நிறுவனம் வெளியிட்ட டி-மாக்ஸ் என்ற வண்டிக்குப் பின்னர்தான் பெரிய சில்லு வைத்த இந்த வகை உலகெங்கும் பரவியது.

பெட்டியைப் பிரித்த மறுநாளே பையன்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இதை இன்னும் வேகமாக ஓட வைக்க என்ன மாற்றலாம்?" யாழ்ப்பாணக் குடாநாட்டு மண்ணில் ஓட்டப் போகிறவருக்கு அது தவறான கேள்வி. "இதை இரண்டு மாதத்துக்கு மேல் உயிரோடு வைத்திருக்க எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்டால் நான் உதவ முடியும்.

முதலில் எரிபொருள். இங்கேதான் நம் ஊர்ப் பெரியவர்கள் இடறுவார்கள். "எஞ்சின்தானே, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஓடாதா?" என்பார்கள். அவர்கள் அப்படிக் கேட்பதற்கு நியாயம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் குடாநாட்டுக்குள் பெற்றோல் மருந்தைப்போல் துளிக்கணக்கில்தான் கிடைத்தது. மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வானொலி கேட்கப் பற்றரி இல்லாமல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றிய காலமும் அதுதான். 1990 ஒக்டோபர் 30இல் யாழ் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் முகாம்களில் இருந்த நம்மவர்கள் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. திரும்பி வந்த பிறகு அயலவர் சொல்லக் கேட்டவர்களே அதிகம்.

அந்த வித்தை பலித்ததற்குக் காரணம், அந்த எஞ்சின்களில் தீப்பொறி போடும் பிளக் இருந்ததுதான். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூட்டில் ஆகும். ஆவியாகிவிட்டால் பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். நைட்ரோ எஞ்சினில் பொறியே கிடையாது. 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக் என்னும் சிறிய பொருள்தான் அங்கே வேலை செய்கிறது. அதன் நுனியில் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்று உண்டு. தொடக்கத்தில் மட்டும் ஒரு சிறு பற்றரியால் அதைச் சூடாக்கிவிட்டால் போதும். அதன் பிறகு மெதனோல் ஆவி பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் இரசாயன மாற்றமே கம்பியைச் செந்தணலாக வைத்திருக்கும். பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பிளாட்டினத்தோடு இந்த உறவு இல்லை. ஊற்றினால் ஓடாது. மெதனோலில் கரைந்து வரவேண்டிய எண்ணெயும் கிடைக்காமல் உள்ளே தேய்மானம்தான் மிஞ்சும்.

ஆகவே இதற்குரிய எரிபொருளே வேண்டும். அதில் மெதனோல் பெரும்பங்கு, நைட்ரோமெதேன் 10 முதல் 30 வீதம் வரை, மீதி எண்ணெய். அந்த எண்ணெய் செயற்கை எண்ணெயாகவோ ஆமணக்கெண்ணெயாகவோ இரண்டும் கலந்தோ இருக்கும். ஆம், நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே ஆமணக்கெண்ணெய்தான்! மற்ற எண்ணெய்கள் கருகிப்போகும் சூட்டிலும் அது உலோகத்தை விட்டு நீங்காது. முதல் வண்டிக்கு நைட்ரோ வீதம் குறைந்த கலவையே நல்லது. மாமா இதைப் பெட்டியில் கொண்டுவர முடியாது. தீப்பற்றும் திரவம் என்பதால் பயணிகள் விமானத்தில் அனுமதிக்க மாட்டார்கள். எனவே எரிபொருள் எங்கே கிடைக்கும் என்று கொழும்பில் விசாரித்து அறிந்த பிறகு வண்டியைக் கேட்பதே புத்தி.

வாப்பாமாரும் உம்மாமாரும் இந்தப் பந்தியைக் கட்டாயம் வாசியுங்கள். மெதனோல் நஞ்சு. 10 மில்லிலீற்றர் வயிற்றுக்குள் போனாலே கண்பார்வை பறிபோகலாம். சற்றுக் கூடினால் உயிரே போகும். தோலினூடாகவும் உடலில் ஏறும். பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. கை சுட்ட பிறகுதான் எரிகிறது என்பதே விளங்கும். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். அது வந்த தகரத்திலேயே, பூட்டிய இடத்தில், குசினிக்குத் தூரமாக வையுங்கள். வீட்டில் கலந்து பார்க்கலாம் என்று எந்தத் தம்பியாவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். வெளிநாட்டுப் புத்தகங்களில் "கரடுமுரடான தரை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். குடாநாட்டில் அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தால் நாலு விதமான தரை வரும்.

சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பொன் மாதிரி. எஞ்சினுக்கு எமன். கோடையில் சோளகக் காற்று அடிக்கும்போது முகப்பவுடரைப்போல் எழும்பும். வடமராட்சி கிழக்கில் மணற்காடு, வல்லிபுரம் பக்கம் வெண்மணல். அதன் மணிகள் பெரியவை, ஆனால் கண்ணாடியை அறுக்கும் கடினம் அவற்றுக்கு உண்டு. காங்கேசன்துறைக் கரையோரம் கலட்டி, அதாவது மண்ணுக்குள்ளிருந்து தலைநீட்டும் சுண்ணாம்புக் கல். 1950இல் அங்கே சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியதே அந்தக் கல்லை நம்பித்தான். அது ரயரைக் கிழிக்கும், வண்டியின் அடித்தகட்டைச் சுரண்டும். நாலாவது, தொண்டைமானாறு, நாவற்குழிப் பக்கத்து உவர் தரை. பார்க்க மேசைபோல் இருக்கும், ஓட்ட ஆசை வரும். பெயாரிங்குகளுக்கு அதைவிடக் கெட்ட இடம் வேறில்லை. உப்பு ஒரே இரவில் துரு ஏற்றிவிடும்.

இந்த நாலில் மூன்று, எஞ்சின் மூச்சு விடும் வழியாகவோ உருளும் பாகங்கள் வழியாகவோ வண்டியைக் கொல்கின்றன. ஒரு கணக்குப் பாருங்கள். 3.5 கன சென்ரிமீற்றர் எஞ்சின் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றும். இது இரண்டடிப்பு எஞ்சின், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் காற்றை இழுக்கும். பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 லீற்றர் காற்று! அந்தக் காற்றில் ஒரு சிட்டிகை செம்மண் இருந்தால், பிஸ்டனுக்கும் அது ஏறி இறங்கும் குழாய்க்கும் இடையில் அது அரத்தாளாக மாறிவிடும். முதலில் சூடேறியதும் எஞ்சின் நின்றுபோகும். பிறகு எழும்பவே மாட்டாது. புது பிஸ்டனும் குழாயும் வாங்கும் காசுக்குப் பல வடிகட்டிகள் வாங்கலாம்.

ஆகவே முதல் மாற்றம் காற்று வடிகட்டி. பெட்டியோடு வருவது பெரும்பாலும் ஒற்றைப் பஞ்சு. அதை எடுத்துவிட்டு, வெளியே பரும்பஞ்சும் உள்ளே நுண்பஞ்சும் உள்ள இரட்டை வடிகட்டி போடுங்கள். பஞ்சுக்கு அதற்குரிய எண்ணெய் பூசிக் கசக்க வேண்டும். காய்ந்த பஞ்சு தூசியை நிறுத்தாது, ஒட்டும் எண்ணெய்தான் நிறுத்தும். வடிகட்டி காபரேற்றரின் கழுத்தில் சேரும் இடத்தை பிளாஸ்ரிக் பட்டியால் இறுக்குங்கள். பலர் நல்ல வடிகட்டி போட்டும் எஞ்சினை இழப்பது இந்த ஒரு இடுக்கினால்தான். செம்மண்ணில் ஓட்டினால் ஒவ்வொரு நாளும் கழுவ வேண்டும். கழுவுவதற்கு மண்ணெண்ணெய்! பிறகு சவர்க்காரத் தண்ணீர், நன்றாக உலர்த்தல், திரும்ப எண்ணெய். இரண்டு பஞ்சு வைத்திருந்தால் ஒன்று காயும்போது மற்றது ஓடும்.

இரண்டாவது, கட்டுப்பாடு. நாலைந்து கிலோ எடையுள்ள ஒரு பொருள் மணிக்கு 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. ரேடியோத் தொடர்பு அறுந்தால், அல்லது வண்டிக்குள் இருக்கும் பற்றரி இறங்கினால், அது எந்தப் பிள்ளையின் காலைத் தேடிப் போகும்? தொடர்பு அறுந்ததும் தானாக பிரேக் போடும் ஏற்பாட்டைச் சரிபாருங்கள். இல்லாவிட்டால் வாங்கிப் பூட்டுங்கள். காபரேற்றரை மூடும் சிறு ஸ்பிரிங் ஒன்றையும் போடுங்கள். நாலு சாதாரணப் பற்றரி போடும் பெட்டிக்குப் பதிலாக மீள்மின்னேற்றும் பற்றரிக்கட்டு ஒன்று வையுங்கள். வேகத்துக்குச் செலவழிக்க முன்வருபவர்கள் இதற்குக் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். எனக்கு இது விளங்குவதே இல்லை.

மூன்றாவது, பெயாரிங்குகள். மலிவான வண்டிகளில் சில்லு சுழலும் இடங்களில் வெறும் பித்தளையோ பிளாஸ்ரிக்கோ வளையங்கள் இருக்கும். மணல் அவற்றை வட்டத்திலிருந்து முட்டை வடிவத்துக்கு மாற்றிவிடும். றப்பர் மூடியுள்ள போல் பெயாரிங்குகளை மாற்றினால் வண்டி இலகுவாக உருளும், எஞ்சினின் சூடும் குறையும்.

அதன் பிறகே ரயர். செம்மண்ணுக்குச் சிறு முட்கள் போன்ற ரயர் நல்லது. வெண்மணலுக்குத் துடுப்புப்போல் குறுக்குத் தட்டுகள் உள்ளது வேண்டும். ஆனால் பெரிய ரயரை மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். பெரிய சில்லு எஞ்சினுக்குக் கூடிய பாரம். மணலில் அந்தப் பாரம் இன்னும் ஏறும், கிளச் வழுக்கிப் புகையும். கிளச் மணியில் ஒன்றிரண்டு பல் குறைந்ததைப் போட்டால் உச்ச வேகம் சற்றுக் குறையும், இழுவை கூடும். லான்ட்மாஸ்டர் ஓட்டும் தோட்டக்காரரைக் கேளுங்கள், சேற்றில் எந்தக் கியரில் போவது என்று அவர் சொல்வார். ஷொக்குகளுக்குச் சற்றுத் தடித்த எண்ணெய் போடலாம். மற்ற அலங்காரங்களை அடுத்த பெருநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் புதிதாக இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறும் இடத்தில் இறுகி நிற்கும். பழுதென்று பயந்து கயிற்றை வலிந்து இழுக்க வேண்டாம். குழாய் மேற்பக்கம் ஒடுங்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது, சூடேறியதும் சரியாகும். தலைமயிர் உலர்த்தும் கருவியால் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு எழுப்பினால் இருவருக்கும் சுகம். முதல் நாலைந்து தாங்கி எரிபொருளை, கலவையில் எரிபொருள் கூடுதலாக இருக்கும்படி வைத்து, மெதுவாக ஓட்டித் தீர்க்க வேண்டும். ஒரு தாங்கி பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், பொறுமை இழக்காதீர்கள். அதன் பிறகும் சைலன்ஸரில் மெல்லிய நீலப்புகை எப்போதும் தெரிய வேண்டும். எஞ்சின் தலையில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். மூன்று நாலு விநாடியில் மெல்லக் கொதித்து மறைந்தால் நல்லது. பட்டதும் தெறித்தால் சூடு கூடிவிட்டது. உடனே நிறுத்தி, ஆறிய பிறகு எரிபொருள் ஊசியைச் சற்றுத் திறந்துவிடுங்கள். ஊசியை மூடினால் வண்டி பறக்கும், ஐந்து நிமிடத்துக்கு. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்கே ஓட்டுவது? மணற்காட்டில் மணலில் புதைந்து கிடக்கும் பழைய தேவாலயத்தின் சிதைவுகளும் அடக்கத்தலமும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகாதீர்கள். இறந்தவர் எவராயினும் அவர்களின் இடத்துக்கு மரியாதை உண்டு. நாகர்கோவில், கிளாலி, முகமாலைப் பக்கத்துக்கு ட்ரக்கோடு போகவே வேண்டாம். 2000ஆம் ஆண்டு ஆனையிறவு வீழ்ந்த பின் பல வருடங்கள் போர்முனை அங்கேதான் நின்றது. முகமாலை நாட்டிலேயே கண்ணிவெடி மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. ஹலோ ட்ரஸ்ட் முதலிய அமைப்புகள் ஆண்டுக்கணக்காக அங்கே அகற்றி வந்திருக்கின்றன. ட்ரக்கின் எடைக்கு வெடி வெடிக்குமோ இல்லையோ, பற்றைக்குள் சிக்கிய ட்ரக்கை எடுக்க ஓடுவது உங்கள் தம்பி. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடமானாலும், ஊரவர் நடக்காத தரையில் நீங்களும் நடக்காதீர்கள். ஊருக்குள் அறுவடை முடிந்த வயலோ விளையாட்டுத் திடலோ போதும். சத்தம் பெரிது, ஆகையால் அயல் வீட்டில் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

ஓட்டி முடிந்ததும் வண்டியை அப்படியே அலுமாரிக்கு மேல் வைக்க வேண்டாம். மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நைட்ரோவின் மிச்சம் அமிலமாகும், நம் கடற்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். தாங்கியை வெறுமையாக்கி, குழாயில் உள்ள எரிபொருள் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி அதற்குரிய எண்ணெயில் நாலைந்து துளி விட்டுக் கயிற்றை மெதுவாகப் பத்துத் தரம் இழுங்கள். பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது வளையத்தைத் தொலைத்துவிடாதீர்கள். மேலதிகமாக இரண்டு பிளக் கையில் இருக்கட்டும். யாழ்ப்பாணக் கடைகளில் தேடி அலைய நேரும் பொருள் அது.