செவ்வாய்க்கிழமை பிரிண்ட் வராது

'செவ்வாய்க்கிழமையானால் கம்ப்யூட்டர் பிரிண்ட் எடுக்க மாட்டேன் என்கிறது' என்று வீட்டில் ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? ராகு காலம் பார்த்து அனுப்பினாயா என்று கேட்டுவிட்டு பேப்பர் படிக்கப் போய்விடுவீர்கள். 2008-09 வாக்கில் உபுண்டு லினக்ஸ் உபயோகித்த ஒருவரின் மனைவி இதைத்தான் சொன்னார். ஓப்பன் ஆபீஸிலிருந்து மற்ற நாட்களில் ஒழுங்காக வருகிற பிரிண்ட், செவ்வாய் மட்டும் வருவதில்லை. சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். வரவில்லை!

காரணம் கண்டுபிடிக்கப்பட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். பிரிண்டருக்குப் போகிற ஃபைலின் தலைப்பகுதியில் அது உருவான தேதி, கிழமையோடு இருக்கும். யூனிக்ஸில் 'ஃபைல்' என்றே பெயர் கொண்ட ஒரு சின்னக் கருவி உண்டு. எந்த ஃபைலைக் கொடுத்தாலும் நாலு எழுத்தை முகர்ந்து பார்த்து, இது படம், இது பாட்டு, இது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று சொல்லும். அதன் குறிப்பேட்டில் எர்லாங் என்ற கம்ப்யூட்டர் மொழியின் பழைய ஃபைல் ஒன்றுக்கு அடையாளமாக 1991 ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் தேதி முழுசாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் நடுவில் இருக்கும் இடைவெளிகளைச் சரியாகக் குறிக்கவில்லை. அதனால் 'செவ்வாய்' என்ற முதல் சொல் பொருந்தினாலே போதும் என்றாகிவிட்டது. பிரிண்டர் டிரைவர் இந்தக் கருவி சொன்னதை நம்பி, 'இது நமக்கு வந்த ஃபைல் இல்லை' என்று கையை விரித்துவிட்டது. பழி முதலில் ஓப்பன் ஆபீஸ் மேல் விழுந்தது, பிறகு பிரிண்டிங் சிஸ்டம் மேல், பிறகு டிரைவர் மேல். குற்றவாளி நாலாவது ஆள்.

இது இன்றைக்கும் ப்ரோக்ராமர்கள் கூடும் இடங்களில் சொல்லிச் சிரிக்கிற கதை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு அபத்தமான புகாரை 'போம்மா' என்று தள்ளாமல், ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் ஒரு வரியில் விடுபட்ட நாலைந்து குறிகளைப் பிடித்தார்களே, அவர்களின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? சிரித்தவர்களுக்கும் தெரியாது. இந்தச் சண்டை அதைப் பற்றித்தான்.

ஸ்பூலிங் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பது பேர் இருக்கிற ஆபீஸில் பிரிண்டர் ஒன்று. நாற்பது பேரும் ஒரே சமயத்தில் பட்டனை அழுத்தினால் பக்கங்கள் கலந்துவிடும். அதனால் பின்னணியில் ஒரு ப்ரோக்ராம் டோக்கன் கொடுக்கிற ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும். வருகிற ஃபைலை டிஸ்க்கில் வாங்கி வைத்து, வரிசைப்படுத்தி, பிரிண்டருக்குப் புரிகிற பாஷையில் மாற்றி, ஒவ்வொன்றாக அனுப்பும். எழுபதுகளிலிருந்தே யூனிக்ஸில் இது உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி கோஷ்டிக்கு ஒரு முறை, ஏ.டி. அண்ட் டி.யின் 'சிஸ்டம் ஃபைவ்' கோஷ்டிக்கு வேறு முறை. கட்டளைகளின் பெயர்கூட ஒத்துப்போகாது. பங்காளிச் சண்டையில் பிரிண்ட் எடுக்க வந்தவர்தான் அவஸ்தைப்பட்டார்.

இத்தனை சாதாரணமான சமாச்சாரத்தில்தான் ஒரு பெரிய இயக்கமே பிறந்தது. 1980 வாக்கில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பழைய பிரிண்டரின் ப்ரோக்ராமைத் திருத்தி, பேப்பர் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்கு உடனே தகவல் போகும்படி செய்திருந்தார். யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்வார். பிறகு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அருமையான மெஷின், ஆனால் ஸோர்ஸ் கோட் கிடையாது. அதுவும் சிக்கியது, திருத்த வழியில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அந்தக் கோட் வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டபோது, 'யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்' என்று மறுத்துவிட்டார். ஸ்டால்மன் அந்தக் கோபத்தை விடவே இல்லை. 1983-ல் அவர் அறிவித்த க்னூ திட்டத்துக்கு உரமிட்டவற்றில் இந்தப் பேப்பர் ஜாமும் ஒன்று.

அவர் கேட்டது ரிப்பேர் செய்யும் உரிமையை. அது கிடைத்துவிட்டது. ரிப்பேர் செய்ய ஆள்தான் கிடைக்கவில்லை. சுதந்திர மென்பொருள் பற்றி மாநாடு போடுகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்தவுடன் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். பல பேர் பார்வையில் கோட் இருந்தால் பிழைகள் தாமே சிக்கிவிடும் என்ற நம்பிக்கையை ஊரெல்லாம் பரப்பியவர் எரிக் ரேமண்ட். 2004-ல் அவரே, வீட்டு நெட்வொர்க்கில் ஒரு பிரிண்டரை இணைக்கப்போய் நொந்து, நீளமாக ஒரு புலம்பல் கட்டுரை எழுதினார். புலம்பல் நியாயமானதுதான். ஆனால் பார்க்கிற கண்கள் ஆயிரம் இருந்தாலும் கை இரண்டுதான் இருக்கிறது என்பதற்கு அவரே சாட்சி.

அவர் திட்டித் தீர்த்த சிஸ்டத்தின் பெயர் கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் என்ற அமெரிக்கர், 'ஈஸி ஸாஃப்ட்வேர் ப்ராடக்ட்ஸ்' என்ற தன் சிறிய கம்பெனியிலிருந்து 1997-ல் ஆரம்பித்து, 1999-ல் வெளியிட்டார். பெர்க்லி கட்டளை, சிஸ்டம் ஃபைவ் கட்டளை இரண்டையும் ஏற்றுக்கொண்டு பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைத்தார். 2002-ல் ஆப்பிள் தன் மேக் கம்ப்யூட்டர்களில் அதையே எடுத்துக்கொண்டது. 2007-ல் ஸ்வீட்டை வேலைக்கும் எடுத்து, ஸோர்ஸ் கோடையும் வாங்கியது. இன்று மேக்கில் பிரிண்ட் கொடுத்தாலும், ஏறக்குறைய எந்த லினக்ஸில் கொடுத்தாலும், க்ரோம்புக்கில் கொடுத்தாலும், உள்ளே ஓடுவது கப்ஸ்தான். நம்மூர் சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததுதான்; அதிலும் இதே ஆசாமிதான்.

2019 டிசம்பரில் ஸ்வீட் ஆப்பிளை விட்டு விலகினார். என்ன ஆயிற்று தெரியுமா? ஆப்பிளின் பொதுக் களஞ்சியத்தில் வேலை ஏறக்குறைய நின்றுபோயிற்று. உலகத்தின் மிகப் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றுக்கு, இத்தனை கோடிப் பேர் உபயோகிக்கிற ஒன்றை ஊரறியப் பராமரிக்க இன்னொரு ஆளை உட்காரவைக்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் சம்பளம் கொடுத்தார்களே என்பீர்கள். கொடுத்தார்கள், மறுக்கவில்லை. கோயிலுக்குக் குருக்கள் ஒருவர் போனால் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவதா? 2020-ல் 'ஓப்பன் பிரிண்டிங்' என்ற குழு கோடைப் பிரதியெடுத்து வேலையைத் தொடர்ந்தது. அதை நடத்துகிறவர் டில் காம்ப்பீட்டர். இயற்பியல் படித்துவிட்டு, 2000-லிருந்து லினக்ஸில் பிரிண்ட் வரவைப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட மனிதர். விலகிய ஸ்வீட்டும் திரும்பி வந்து கைகொடுத்தார். 2021 நவம்பரில் கப்ஸ் 2.4 வந்தது. மொத்தமாகக் கூட்டினால் ஒரு ஆட்டோவில் திணித்துவிடலாம், முக்கியமான ஆட்களை.

அப்புறம் 2024 செப்டம்பர். சிமோனே மர்காரிடெல்லி என்ற இத்தாலியப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் ஓட்டை கண்டுபிடித்தார். கப்ஸின் துணை ப்ரோக்ராம் ஒன்று, நெட்வொர்க்கில் யார் வந்து 'நான் பிரிண்டர்' என்றாலும் 'வாங்க, உட்காருங்க' என்று சேர்த்துக்கொண்டது. வந்தவன் தன்னைப் பற்றிய விவரக் குறிப்பில் ஒரு கட்டளையை ஒளித்துவைத்தால், அதுவும் ஓடும். விவரம் வெளிவருவதற்கு முன்பே 'ஆபத்து 10-க்கு 9.9' என்று பரவி, உலகமே பதறியது. பார்த்தால், அந்தப் போலி பிரிண்டருக்கு நீங்களாக ஒரு பிரிண்ட் அனுப்பினால்தான் கட்டளை ஓடும். அதற்காக ஓட்டை ஓட்டையில்லை என்றாகிவிடாது. மோசமான ஓட்டைதான். டெவலப்பர்கள் தட்டிக்கழித்தார்கள் என்று மர்காரிடெல்லி குற்றம் சாட்டினார். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளையை யாராவது குறை சொன்னால் முதலில் கோபம்தான் வரும்.

ஆனால் அந்த வாரத்தில் வசை பாடியவர்களைப் பாருங்கள். இருபது வருஷமாக அதை இலவசமாக எடுத்துத் தங்கள் சர்வர்களில் போட்டுக் காசு பார்த்தவர்கள், 'இத்தனை அலட்சியமா!' என்று எழுதினார்கள். இவர்களில் எத்தனை பேர் ஒரு ப்ரோக்ராமரின் அரை நாளை இதற்குக் கொடுத்திருப்பார்கள்? வீட்டு வேலைக்காரம்மாவுக்குச் சம்பளமே கொடுக்காமல், பாத்திரத்தில் பிசுக்கு இருக்கிறது என்று தெருவைக் கூட்டிக் கத்துகிற மாதிரி.

உடனே இரண்டு பேர் கை தூக்குவார்கள். ஒருவர், 'ஸார், இனிமேல் யார் பேப்பரில் பிரிண்ட் எடுக்கிறார்கள்?' என்பார். பேப்பர் இல்லாத ஆபீஸ் வரப்போகிறது என்று 1975-லேயே 'பிஸினஸ் வீக்' எழுதியாயிற்று. ஹால் டிக்கெட்டுக்கு ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிற பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொருவர் ஆபத்தானவர். 'பழைய கோடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக எழுதிவிடலாமே' என்பார். இளைஞர், கெட்டிக்காரர். அவருக்குக் கப்ஸில் ஒரு ஃபைலைக் காட்ட ஆசைப்படுகிறேன். யு.எஸ்.பி. பிரிண்டர்களின் கோணல்களைப் பட்டியலிடுகிற ஃபைல். ஒவ்வொரு வரியிலும் தயாரிப்பாளர் எண், மாடல் எண், அதன் நோய். இந்த பிரிண்டரோடு இருவழிப் பேச்சு வைத்துக்கொள்ளாதே. இது வேலை முடிந்ததும் மயங்கிவிடும், ரீசெட் செய். அரசு ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டேதான். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை. எங்கோ ஒருவருக்கு இரண்டாவது பக்கம் வராமல் போய், அவர் புகார் எழுதி, இன்னொருவர் 'இதைச் செய்து பாருங்கள், அதைச் செய்து பாருங்கள்' என்று பொறுமையாக விசாரித்து, ஒரு வரி சேர்ந்திருக்கும். புதுசாக எழுதுகிறவர் அத்தனை புகாரையும் மறுபடி வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

ஸ்வீட்டும் சகாக்களும் மாற்றமே வேண்டாம் என்கிற ஆட்கள் இல்லை. டிரைவரே தேவைப்படாத முறைக்குப் போகலாம் என்று வருஷக்கணக்காகச் சொல்லி, கப்ஸ் 3 என்று அதற்கான வேலையை ஆரம்பித்தார்கள். பழைய பிரிண்டர்களைக் கைவிடாமல் அதைச் செய்வதில்தான் தாமதம். அந்தத் தாமதத்துக்கு நான் தலைவணங்குகிறேன்.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கூகுள் பணம் கொடுத்து மாணவர்களைச் சுதந்திர மென்பொருளில் வேலை செய்யவைக்கிற 'ஸம்மர் ஆஃப் கோட்' திட்டத்தில் ஓப்பன் பிரிண்டிங்குக்கு வந்து உழைத்தவர்களில் கணிசமான பேர் இந்திய மாணவர்கள். நன்றாகவே எழுதுகிறார்கள். கோடை முடிகிறது, காம்பஸ் இன்டர்வியூவில் 'ஓப்பன் ஸோர்ஸில் பங்களித்தேன்' என்று சொல்கிறார்கள், பெரிய கம்பெனியில் வேலை கிடைக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் கடன் இருக்கும். ஆனால் அவர்கள் எழுதிவிட்டுப் போன கோட் அங்கேயே இருக்கிறது. அதற்கும் பக் வரும், காம்ப்பீட்டர் மாதிரி ஒருவர்தான் பார்க்க வேண்டும். அந்தப் பையனோ பெண்ணோ புது ஆபீஸில் மேனேஜரிடம் போய், 'ஸார், நம்ம சர்வர் எல்லாத்திலேயும் இதுதான் ஓடுது. வாரத்துக்கு அரை நாள் நான் இதைப் பார்த்துக்கட்டுமா?' என்று கேட்டால், 'கஸ்டமர் யாரு? எந்தப் ப்ராஜெக்ட்ல பில் போடறது?' என்று பதில் வரும். மேனேஜர்களே, அந்த பில்லை உங்கள் பெயரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.