"குண்டா இருக்கு, ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்"

பிரசவ வார்டு வாசலில் வாராவாரம் நான் கேட்கும் வரி இது. சொல்பவர் பெரும்பாலும் மாமியார், சில நேரம் பெற்ற அம்மாவே.

போன மாதம் ஒரு சகோதரி. முதல் பிரசவம், உயரம் 152 செ.மீ, எடை 86 கிலோ. தேதி தாண்டியும் வலி வரவில்லை. மாலை 6 மணிக்கு கர்ப்பவாயில் பலூன் வைத்தோம். மறுநாள் காலை 3 செ.மீ திறந்திருந்தது. பனிக்குடத்தை உடைத்துவிட்டு ஆக்சிடோசின் ட்ரிப்ஸ் ஆரம்பித்தார்கள். மதியம் 3 மணிக்குப் பார்த்தால் வெறும் 4 செ.மீ.

வெளியே கூட்டம் கூடிவிட்டது. "நேத்துல இருந்து புள்ள துடிக்குது, இவங்க வேடிக்கை பார்க்குறாங்க."

வேடிக்கை பார்க்கவில்லைங்க. காத்திருந்தோம். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

உடல் எடை அதிகமான பெண்களுக்கு சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தேதி தாண்டிப்போவது எல்லாமே அதிகம். அதனால் மருந்து கொடுத்து வலி வரவைக்கும் தேவையும் அதிகம். அப்படி வரவைக்கும்போது கர்ப்பவாய் மெதுவாகத்தான் திறக்கும். ஆக்சிடோசினும் கூடுதலாகத் தேவைப்படும். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் கர்ப்பப்பைத் தசையின் சுருக்கத்தை மட்டுப்படுத்துகிறது என்று ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். முதல் பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். கர்ப்பவாய் இதுவரை ஒருமுறைகூட திறந்ததில்லை.

அதாவது அந்த உடம்புக்கு நேரம் கொஞ்சம் கூட வேணும், அவ்வளவுதான். சிசேரியன் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம் என்பது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் "வாய்ப்பு அதிகம்" வேறு, "கட்டாயம்" வேறு.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. யாருக்கு ஆபரேஷன் சுலபம் என்று நினைக்கிறீர்களோ, அவருக்குத்தான் அது ஆபத்து கூடியது. முதுகில் மயக்க ஊசி போட இடம் கண்டுபிடிப்பதே சிரமம். தையல் போட்ட இடம் சீழ் பிடிக்க, காலில் ரத்தம் உறைய எல்லாமே வாய்ப்பு அதிகம். அடுத்த குழந்தைக்கும் அந்தத் தழும்பு கணக்கில் வரும்.

அதனால்தான் தாய்க்கும் குழந்தைக்கும் பிரச்சினை இல்லாதவரை, பனிக்குடம் உடைந்து ஆக்சிடோசின் குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் ஓடின பிறகே "தோற்றுப்போச்சு" என்று முடிவு செய்யுங்கள் என அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் 2014 பரிந்துரை சொல்கிறது. 6 செ.மீ வரை மெதுவாகப் போவதை வைத்துப் பயப்படத் தேவையில்லை என்பதும் அதில் இருக்கிறது. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினாலோ தாய்க்கு பிரஷர் எகிறினாலோ ஒரு நிமிஷம்கூட காத்திருக்க மாட்டோம். அப்போது உங்களைவிட அவசரம் எங்களுக்குத்தான்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கு. நெரிசலான வார்டு, வெளியே சத்தம், நாளைக்கு புகார் வருமோ என்ற பயம். "குண்டு கேஸ், எப்படியும் சிசேரியன்தான்" என்று முதல் பரிசோதனையிலேயே மனசுக்குள் முடிவெடுத்துவிடும் டாக்டர்களும் உண்டு. நானே அப்படி நினைத்திருக்கிறேன்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீத பிரசவங்கள் சிசேரியன். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை.

எடையைக் குறைக்கும் வேலையை கர்ப்பத்துக்கு முன்பே செய்வதுதான் நல்லது. கர்ப்பமான பிறகு பட்டினி கிடக்காதீங்க. பி.எம்.ஐ 30-க்கு மேல் இருந்தால் பத்து மாதத்தில் 5 முதல் 9 கிலோ கூடினால் போதும். "ரெண்டு உசுருக்கு சாப்பிடு" என்று தட்டை நிரப்பும் பாட்டிகளே, அந்த இரண்டாவது உசுரு மூணு கிலோதான்!

அந்தச் சகோதரிக்கு இரவு 9 மணிக்கு 6 செ.மீ. அதன்பிறகு வேகம் பிடித்தது. 12.40-க்கு சுகப்பிரசவம், 3.2 கிலோ பெண் குழந்தை.

எங்க வார்டில் பிரசவத்தின்போது கூட ஒரு பெண் இருக்கலாம். அப்படிப் போகும்போது, "குண்டா இருக்கியே, அதான் இப்படி" என்று அவள் காதுபடச் சொல்லாதீங்க. இடுப்பைத் தேய்த்துவிடுங்க, தண்ணி கொடுங்க. எங்களிடம் இரண்டு கேள்வி கேளுங்க: குழந்தையோட இதயத்துடிப்பு எப்படி இருக்கு? போன தடவை பார்த்ததுக்கு இப்ப எவ்வளவு திறந்திருக்கு? பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.