எங்கே அமைப்பது முகாம்?

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் நெருங்கும்போதெல்லாம் நம் கல்லூரியில் ஒரு கேள்வி எழும். எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விடும். "இந்த முறை முகாம் எந்த ஊரில்?" என்பதே அது. பஸ் நிற்கும் ஊரா, ஊராட்சித் தலைவர் நமக்குத் தெரிந்தவரா, பள்ளிக்கூடம் காலியாகக் கிடைக்குமா, பக்கத்தில் கடல் உண்டா என்ற நான்கு வினாக்களுக்கும் 'ஆம்' என்று விடை வந்துவிட்டால் இடம் முடிவாயிற்று. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தத் தேர்வுதான், ஐம்பது மாணவ மாணவியர் ஏழு நாள் உண்டு, உறங்கி, உழைக்கப்போகும் மண்ணை நிச்சயிக்கிறது. கலியாணத்துக்குச் சத்திரம் பார்ப்பவர்கள்கூட இதைவிட அதிகம் விசாரிப்பார்கள்!

கடலூர்க் கரைக்கு முகாம் செல்லும் கல்லூரிகள் பல. நம்முடையதும் அவற்றுள் ஒன்று. மழையும் ஆறும் கடலும் மூன்று பக்கம் சூழ்ந்த அந்த ஊரைச் சுற்றி இடம் தேடும்போது இந்த அவசரம் ஆகாது என்பது என் கருத்து.

முதலில் காலத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 48 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு 60 விழுக்காட்டை எட்டும். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழை என்பது ஊரறிந்த சேதி. ஆனால் மார்கழி பிறந்தால் மழை ஓய்ந்தது, பனி தொடங்கியது என்று நாமே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, அரையாண்டு விடுமுறையில் பள்ளிக்கூடங்கள் காலியாகும் டிசம்பர் கடைசி வாரத்தை முகாமுக்குக் குறித்து விடுகிறோம். அந்த வாரத்தின் வரலாறு என்ன? 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயில் வண்டியே கடலுக்கு இரையாயிற்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழிப்பேரலை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த காற்றில் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. இவற்றுள் ஆழிப்பேரலைக்கும் பருவத்துக்கும் தொடர்பில்லை. கடலடி நிலநடுக்கம் நாள் பார்த்து வருவதன்று. மற்ற இரண்டும், 'இனி மழையில்லை' என்று நாம் நம்புகின்ற நாட்களிலேயே வந்தவை.

ஆகவே காலத்தை நம்பி இடத்தை அலட்சியம் செய்ய வழியில்லை. இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நண்பர்களிடம் யோசனை கேட்டால் முதலில் வருவது கடற்கரைச் சவுக்குத் தோப்பு. "கூடாரம் அடிப்போம், அலையோசை கேட்டுக்கொண்டே தூங்குவோம்" என்பார்கள். ஆசை அழகானதுதான். மணலுக்கு ஒரு நற்குணம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு பெய்தாலும் நீரைக் குடித்துவிடும். களிமண் தரையைப்போல் சேறாக நிற்காது. ஆனால் கூடாரத்தின் முளை மணலில் நிற்பதில்லை. காற்று சற்றே வலுத்தால் முளையும் கயிறும் துணியும் ஒருங்கே புறப்பட்டுவிடும். தோப்பின் மறைவு பற்றியும் ஒரு மயக்கம் நம்மிடையே இருக்கிறது. 2004க்குப் பின் கடலூர்க் கரையை ஆராய்ந்தவர்கள், அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் அடர்ந்த மறைவில் இருந்த ஊர்களில் சேதம் குறைந்திருந்ததைக் கண்டனர். இதைக் கேட்டவுடன் தோப்புக்குள்ளேயே படுக்கலாம் என்று பொருள் கொள்வது தவறு. மரம் தனக்குப் பின்னால் இருப்பவனுக்கு அரண். தன் அடியில் படுத்திருப்பவனுக்குப் புயல் நாளில் முறிந்து விழும் கிளை. தென்னந்தோப்பைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். காற்றில்லாத நாளிலும் மட்டையும் தேங்காயும் நம்மைக் கேட்டுக்கொண்டு விழுவதில்லை.

அடுத்தது ஆற்றங்கரை. தென்பெண்ணையும் கெடிலமும் கடலூரை ஒட்டியே கடலில் கலக்கின்றன. தெற்கே பரவனாறும் வெள்ளாறும் இருக்கின்றன. கரையோரத் தோப்பில் நிழல் உண்டு, குளிக்கத் தண்ணீர் உண்டு, சமையலுக்கு வசதி உண்டு. ஆனால் ஆற்றங்கரையில் முகாம் அமைப்பவன், தன் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. 2024 நவம்பர் 30ஆம் நாள் 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து உள்ளே சென்றது. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் அது கொட்டிய மழையெல்லாம் தென்பெண்ணையில் சேர்ந்தது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீரைத் திறக்க வேண்டியதாயிற்று. அந்த நீர்தான் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளில் புகுந்தது. எங்கோ பெய்த மழை இங்கே வந்து கதவைத் தட்டியது! போதாக்குறைக்கு, முகத்துவாரத்தில் கடலின் ஓதம் ஏறியிருக்கும் வேளையாயின் ஆற்று நீர் வெளியேற வழியின்றிப் பின்வாங்கும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் உயரும் என்பது மீனவச் சிறுவனுக்கும் தெரியும். நம் முகாம் அட்டவணை போடுபவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆறு என்றால் அச்சம் உண்டு. காய்ந்த ஓடை என்றால் ஒருவரும் அஞ்சுவதில்லை. அங்கேதான் ஆபத்து அதிகம். ஓடைக்கரை சமதரையாக, புல் முளைத்து, கிரிக்கெட் ஆடத் தோதாக இருக்கும். 2015 நவம்பர் 9ஆம் நாளையொட்டி நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பண்ணுருட்டி வட்டத்துப் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் ஓடையில் பாய்ந்து வந்த வெள்ளம் வீடுகளையும் மனிதர்களையும் வாரிச் சென்றது. கடலிலிருந்து எவ்வளவோ உள்ளே தள்ளியிருக்கும் ஊர்கள் அவை. கடலை விட்டு விலகி வந்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிட வேறு விடை தேவையில்லை.

பின் எங்கேதான் அமைப்பது? கேப்பர் மலையைச் சிலர் சொல்வார்கள். மலை என்பது பெயரளவில்தான். கடலூருக்கு மேற்கே எழும் செம்மண் மேடு அது. புவியியலார் 'கடலூர் மணற்கல்' என்று பெயரிட்ட பாறையின் மேல் படிந்த மண். நீர் தேங்காது, ஆறு ஏறாது, அலை எட்டாது. மழை அரித்த பள்ளங்களை மட்டும் விலக்கிக் கூடாரம் அடித்தால் போதும். ஆனால் இதற்கும் ஓர் எதிர்வாதம் உண்டு. அது பலமான வாதமும்கூட. நாம் தொண்டு செய்யப் போகிறோமா, நனையாமல் தூங்கப் போகிறோமா? வடிகால் தூர்ந்த ஊரும், சாலை அறுந்த குப்பமும், கிணறு உப்பான தெருவும் மேட்டிலா இருக்கின்றன? பள்ளத்தில் அல்லவா இருக்கின்றன!

உண்மை. என் விடை இதுதான்: உழைக்க வேண்டிய இடமும் உறங்க வேண்டிய இடமும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பகலெல்லாம் பள்ளத்து ஊரில் மண் வெட்டிவிட்டு இரவில் மேட்டுக்குத் திரும்பினால் நம் தொண்டின் பெருமை குறைந்து போகாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். நடக்கட்டுமே!

இதில் நம் வசதியைவிடப் பெரிய நியாயம் ஒன்று அடங்கியிருக்கிறது. நம் முகாம்கள் பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே நடக்கின்றன. கரையோரக் கிராமமானால் புயல் பாதுகாப்பு மையக் கட்டடத்தைத் திறந்து தருகிறார்கள். ஓட்டுக்கும் கூரைக்கும் நடுவே உறுதியான தளம் போட்ட கட்டடம் ஊரில் அவை இரண்டே. மழை வலுத்து, ஆறு பெருகி, நள்ளிரவில் கைக்குழந்தையும் அரிசிப் பானையுமாக ஊர் மக்கள் ஓடி வரும் இடமும் அவையே. அங்கே ஐம்பது பேர் பாய் விரித்துப் படுத்திருந்தால், அவர்களுக்கு உதவ வந்த நாம் அவர்கள் இடத்தையல்லவா அடைத்துக்கொண்டிருக்கிறோம்? "நீங்க படுத்துக்குங்க தம்பி, நாங்க திண்ணையில இருந்துக்கிறோம்" என்று அவர்கள் சொல்வார்கள். ஊர்ப்புறத்தின் பண்பு அப்படி. அந்தப் பண்பை நாம் சாதகமாக்கிக்கொள்ளலாகாது. இடம் பார்க்கச் செல்பவர்கள் ஊர்ப் பெரியவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்களுக்கு எந்தக் கட்டடம் தருவீர்கள்?" என்பதன்று. "மழை வந்தால் நீங்கள் எங்கே போவீர்கள், ஐயா?" என்பதே. அவர் கை காட்டும் கட்டடத்தை விட்டுவிட்டு மற்றதைத் தேட வேண்டும். மற்றொன்று இல்லையென்றால் அந்த ஊர் மழைக்காலத்தில் நம் முகாமுக்குரிய ஊர் அன்று. அங்கே பிப்ரவரியில் போகலாம். அப்போது மண்ணும் காய்ந்திருக்கும், வாய்க்கால் வெட்டவும் வசதி. கல்லூரி நாட்கள் கெடுமே என்று பேராசிரியப் பெருமக்கள் தயங்கலாம். ஏழு நாளில் ஒரு சனி ஞாயிறைச் சேர்த்துக்கொண்டால் கெடும் நாட்கள் குறையும்.

மாணவியர் பற்றியும் பேச வேண்டும். முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் பெயரை எடுத்துக்கொள்ளும் தோழியரை "வீட்டில் விடவில்லை" என்று நாம் கேலி செய்கிறோம். வீட்டில் விடாததற்குக் காரணம் பல வேளைகளில் ஒன்றே: கழிப்பறை. கதவு இருக்கிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் அங்கே போக விளக்கு உண்டா, மழையில் அதன் தொட்டி நிரம்பிப் பொங்காதா? இந்த நான்கையும் பார்க்க ஆண்கள் மட்டும் போனால் பார்வையே படாது. தண்ணீரும் அப்படித்தான். கரையோரக் கிணற்று நீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தால் உப்பு தெரியும். வெள்ளம் ஏறி வடிந்த கிணறா என்பது குடித்துப் பார்த்தாலும் தெரியாது. அதைத் தினமும் அங்கே நீர் இறைக்கும் அம்மாக்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் நம் தோழியரிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். மழைநாளில் எந்தக் கிணறானாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்பது வேறு.

ஊர்ப்பெயர்களும் நமக்குச் செய்தி சொல்லும். மேடு, திடல் என்று முடிந்தால் ஆறுதல். பள்ளம், தாங்கல், ஓடை என்று வந்தால் எச்சரிக்கை. முன்னோர் வீண்பெயர் வைத்தாரல்லர். எனினும் பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். திட்டு என்பது நீர் நடுவே நிற்கும் மேடு. சுற்றிலும் நீர் உயர்ந்தால் தப்பிக்க வழியின்றிப் போகும். கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு 2004இல் பட்ட பாடு அதற்குச் சான்று. சுவரைப் பார்த்தாலும் போதும். பழைய வெள்ளம் நின்ற உயரத்தில் பாசி படிந்த கோடு ஒன்று, சுண்ணாம்பு அடித்த பின்னும் மங்கலாகத் தெரியும். அந்தக் கோடு நம் முழங்காலுக்கு மேலிருந்தால் அங்கே அரிசி மூட்டையை இறக்கக் கூடாது. வெள்ளத்தில் மனிதர் மட்டுமா மேடு தேடுகிறார்கள்? பாம்பும் தேடும். மூலையில் அடுக்கிய விறகும் உடைந்த பெஞ்சுகளும் உள்ள அறையைக் காட்டி, "இங்கே படுத்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் முதலில் அந்த மூலையைக் காலி செய்ய வேண்டும்.

இவ்வளவும் கோடையில் போய்ப் பார்த்தால் கண்ணில் படாது. சித்திரை வெயிலில் எல்லா இடமும் நல்ல இடமே! ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு முறை போக வேண்டும். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எப்போது வடிகிறது, பஸ் எது வரை வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் தரைப்பாலம் உண்டா என்பவை அன்றைக்கு மட்டுமே தெரியும். இதற்குத் தனியே பணம் வேண்டும் என்பார்கள். பஸ் கட்டணமும் ஐந்து குடைகளும் என்ன பெரிய செலவு? முகாம் தொடக்க விழாவுக்கு நாம் வாங்கும் மாலைகளில் பாதியைக் குறைத்தால் இதற்குப் போதும்.

வரும் ஆண்டிலேனும் பேராசிரியர் ஒருவர், மாணவர் இருவர், மாணவியர் இருவர் என ஒரு குழுவை முகாமுக்கு இரண்டு மாதம் முன்பே நியமிக்க வேண்டுகிறேன். மழையில் நனைந்து பார்த்துவிட்டு வரும் அவர்கள் சொல்லும் இடத்தையே கல்லூரி ஏற்க வேண்டும். அவர்கள் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், அந்த ஊராட்சித் தலைவர் நமக்கு எவ்வளவு வேண்டியவராயினும் அந்த இடம் வேண்டாம்.