காப்பு இல்லாத கலப்பை

இலக்கியம் பேசும் இடத்தில் உழவு எந்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு முதலில் ஒரு செய்தி. ரோட்டவேட்டர் என்னும் ஆங்கிலச் சொல் ஒரு மாலைமாற்று. அதன் ஒன்பது எழுத்துகளையும் கடைசியிலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே சொல்தான் வரும். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையுமே மாலைமாற்றாகப் பாடிய மொழி நம்முடையது. அந்தச் சொல் நம் எழுத்துக்குள் வந்ததும் அதன் விளையாட்டு தொலைந்துவிட்டது. எந்திரம் மட்டும் மிஞ்சியது. அந்த எந்திரத்தோடு வந்திருக்க வேண்டிய வேறொன்றும் வழியில் தொலைந்தது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

ரோட்டவேட்டர் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கில்கான்ட்ரா என்ற ஊரில், ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் 1912-இல் தம் தந்தையின் பண்ணை எந்திரத்தைக் கொண்டு, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். முதலில் மண் பக்கவாட்டில் வாரியடித்தது. கத்தியை ஆங்கில ‘எல்’ வடிவில் வளைத்த பிறகே கருவி வசப்பட்டது. இன்று கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வயலில் சுழல்வதும் பெரும்பாலும் அந்த ‘எல்’ கத்திதான். ஏறத்தாழ அதே காலத்தில், கனடாவின் கியூபெக்கில் ஆர்தர் சிகார்ட் என்ற இன்னொரு ஆர்தர், 1925-இல் பனியை வாரித் தூர எறியும் எந்திரத்தைச் செய்தார். இன்று டொரொண்டோவுக்கு வெளியே பண்ணை வைத்திருப்பவர் சிறிய டிராக்டரில் பனி எறியும் கருவியை மாட்டுகிறார். பொன்னேரிக்காரர் சுழல் கலப்பையை மாட்டுகிறார். இரண்டையும் சுழற்றுவது டிராக்டரின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே தண்டுதான். உலகெங்கும் அதை பி.டி.ஓ. என்கிறார்கள். அதன் நிலையான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. இந்த ஒன்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கவரைப்பேட்டைக்கு அருகே மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் என் சித்தப்பா, 24 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர் ஒன்றைப் பேசி முடித்துவிட்டு என்னை அழைத்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டும் ஆலையில் வேலை பார்ப்பவன் என்பதால், எந்திரம் என்றால் எல்லாம் எனக்குத் தெரியும் என்பது வீட்டின் நம்பிக்கை.

“ஏம்பா, அஞ்சடி ரோட்டவேட்டர் வாங்கிடலாமா? பக்கத்துக் கொல்லைக்காரன் அஞ்சடிதான் வெச்சிருக்கான்.”

“அவர் வண்டி எத்தனை எச்.பி. சித்தப்பா?”

“அதெல்லாம் யாரு கேட்டா?”

கேட்க வேண்டியது அதைத்தான். நம் வட்டாரத்தில் கருவியின் அகலம் கௌரவம் சார்ந்த செய்தியாகிவிட்டது. கணக்கு வேறு. இஞ்சினில் எழுதியிருக்கும் குதிரைத்திறன் முழுவதும் பின்தண்டுக்கு வந்து சேர்வதில்லை. பத்தில் ஒரு பங்குக்குமேல் வழியிலேயே போய்விடும். 24 என்பது தண்டில் ஏறத்தாழ 20 ஆகிறது. பொதுவான கணக்கில் ஐந்தடிக் கருவிக்கு 35 முதல் 40 குதிரைத்திறன் வேண்டும். ஆறடிக்கு 45க்கு மேல். 24-க்கு மூன்று அல்லது மூன்றரை அடிதான் பொருந்தும். மிஞ்சினால், ஈரக் களியில் இஞ்சின் திணறும். ஓட்டுபவர் சுமையைக் குறைக்கக் கருவியைத் தூக்கிப் பிடிப்பார். உழவு மேலாகப் போகும். அகலத்துக்குக் கொடுத்த பணத்தை ஆழத்தில் இழப்போம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டயரின் வெளி விளிம்பிலிருந்து எதிர் டயரின் வெளி விளிம்பு வரை நாடா வைத்து அளந்துகொள்ள வேண்டும். கருவி அதைவிடக் குறுகலாக இருந்தால், சக்கரம் அழுத்திய தடம் கிளறப்படாமல் கெட்டித்துக் கிடக்கும். அப்போது டயர்களை உள்ளே தள்ளி மாட்ட வேண்டும், அல்லது கருவியை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பூட்டி, அந்தப் பக்கத்துத் தடத்தையாவது மறைக்க வேண்டும். இதை விற்பனையாளர் சொல்லுவார் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது, சுழற்சியைக் கத்தித் தண்டுக்குக் கொண்டுசெல்லும் பக்கப் பெட்டி. அதற்குள் சங்கிலியும் இருக்கலாம், பல்சக்கரமும் இருக்கலாம். சங்கிலி விலை குறைவு. அவ்வப்போது இறுக்க வேண்டும். சேற்றிலேயே பாதி வாழ்நாளைக் கழிக்கப்போகும் கருவிக்குப் பல்சக்கரமே மேல் என்பது என் எண்ணம். எதுவானாலும், சேறு உள்ளே புகாதபடி அடைக்கும் ஆயில் சீல்தான் உயிர்நாடி. கத்தியில் ‘எல்’ வடிவம் களையும் தாளும் கிடக்கும் நிலத்துக்கு ஏற்றது. ‘சி’, ‘ஜே’ வடிவங்கள் ஒட்டும் களிக்கும் சேற்றுக்கும் ஏற்றவை. மணல் கலந்த நிலத்தில் கத்தி விரைவில் தேயும். தேய்ந்த கத்தியை மாற்றும்போது எதிரெதிர் இணையாக மாற்றாவிட்டால் தண்டு அதிரத் தொடங்கிவிடும்.

வாங்குவது இவ்வளவுதான். பயன்படுத்துவதில்தான் என் வழக்கு இருக்கிறது.

‘அகல உழுவதினும் ஆழ உழு’ என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த பழமொழி. சுழல் கலப்பை அகலமாகவும் அழகாகவும் உழும். ஆனால் பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் போகாது. கத்திகள் ஒவ்வொரு முறையும் அதே மட்டத்தில் அடிமண்ணைத் தட்டித் தேய்த்துக்கொண்டே போவதால், ஆண்டுகள் செல்லச் செல்லக் கீழே ஒரு கெட்டித்தளம் உருவாகிறது. நெல்லுக்கு அது நன்மைதான்; தண்ணீர் இறங்காமல் நிற்கும். நவரை அறுத்த பிறகு அதே வயலில் பயறோ வேர்க்கடலையோ போட நினைப்பவருக்கு அந்தத் தளம் எமன். வேர் இறங்காது, மழை பெய்தால் நீர் தேங்கும்.

திருக்குறளின் உழவு அதிகாரத்தில், ஒரு பலம் புழுதி காற்பலமாகும் அளவுக்கு உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் தேவையில்லை என்ற கருத்து வருகிறது. அங்கே சிறப்பிக்கப்படுவது மண்ணை மாவாக்குவது அன்று, காயவிடுவது. உழுத கட்டி வெயிலில் கிடக்க வேண்டும், காற்று புக வேண்டும், ஈரம் வெளியேற வேண்டும். அதற்குக் காலம் தேவை. சுழல் கலப்பையோ காலத்தை மிச்சப்படுத்துவதற்காகவே வந்தது. காலையில் உழுது மாலையில் நடவுக்கு ஆயத்தம் என்கிற பெருமை அதனுடையது. புழுதியாக அரைத்த மண் முதல் மழையில் மேலே படலமாக இறுகிவிடும் என்பதை அந்த அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே கருவியை வேண்டாம் என்கிறேனா? இல்லை. சிப்காட்டும் சுற்றியுள்ள ஆலைகளும் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் ஏர் பிடிக்க ஆளும் இல்லை, ஏர் மாடும் இல்லை. பிடிக்க வேண்டிய என்னைப் போன்றவர்கள்தாம் ஆலைக்குள் இருக்கிறோம். பழைமைக்காக உருகுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. நான் சொல்வது இதுதான்: கோடை மழைக்குப் பின் சட்டிக் கலப்பையோ கொத்துக் கலப்பையோ கொண்டு ஒரு முறை ஆழ உழுது காயவிடுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உளிக் கலப்பையால் கெட்டித்தளத்தைக் கீறிவிடுங்கள். சுழல் கலப்பையைச் சேடை ஓட்டுவதற்கும், களையையும் தாளையும் மடக்குவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். புழுதி உழவில் பின்மூடியைத் தூக்கிவைத்து, சற்றே வேகமாக ஓட்டினால் மண் கட்டி கட்டியாக விழும். மூடியைத் தாழ்த்தி மெதுவாக ஓட்டினால் மாவாகும். மாவாக்குவது எப்போதாவது போதும்.

மூன்று ஏக்கருக்குச் சொந்தக் கருவி எதற்கு, வாடகைக்கு எடுக்கலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன். வேளாண்மைப் பொறியியல் துறையே வாடகைக்குத் தருகிறது, தனியாரும் இருக்கிறார்கள். சித்தப்பாவின் பதில் அனுபவத்திலிருந்து வந்தது. “ஏக்கர் கணக்குல பேசினா பறக்கறான், மணிக் கணக்குல பேசினா நகரவே மாட்டேங்கறான்.” மேலும், 2014-15-இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் எந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குப் பாதி விலை வரை மானியம் என்றிருக்கும்போது வாங்கத்தான் தோன்றும். மறுப்பதற்கில்லை.

இனி அந்த ஒன்பது.

டிராக்டரையும் கருவியையும் இணைக்கும் தண்டின் மூட்டு பத்து சென்டிமீட்டர் விட்டம் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் துணியைச் சுருட்டும். நொடிக்கு ஒன்பது சுற்று என்றால் 2.8 மீட்டர். நாலு முழ வேட்டி ஒரு நொடிக்குள் உள்ளே போய்விடும். “நிறுத்து” என்ற சொல்லை உச்சரித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் ஒருவர், பூட்டி ஓடிக்கொண்டிருந்த கருவியில் சிக்கிய வைக்கோலை எடுக்கக் குனிந்து, துண்டோடு வலக்கையையும் இழந்தார். அவருடைய வண்டியில் தண்டு வெறுமையாகச் சுழன்றுகொண்டிருந்தது. அதன்மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறையை, கிரீஸ் வைக்க இடைஞ்சல் என்று முதல் பருவத்திலேயே கழற்றிப் போட்டிருந்தார்கள்.

என் ஆலையில் இப்படி ஒரு தண்டு வெறுமையாகச் சுழன்றால் ஆய்வாளர் வந்து நிற்பார். சுழலும் உறுப்புகளுக்குத் தடுப்பு வேலி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே அதன் 21-ஆம் பிரிவில் விதித்தது. மதில் சுவருக்கு இந்தப் பக்கம் தண்டுக்கு வேலி. அந்தப் பக்கம் வயலுக்கு மட்டும் வேலி, தண்டுக்கு இல்லை. தண்டும் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். மானியத்தில் கருவி தரும் அரசு, தண்டின் உறை இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கச் சொன்னால் என்ன கெட்டுவிடும்? இலவச உறை ஒன்றை மாற்றிக் கொடுத்தால்தான் என்ன? மானியத் தொகையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

இங்கேதான் இலக்கியக்காரர்கள் பக்கம் திரும்புகிறேன். மரக் கலப்பையின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் இருந்தது: மேழி, கொழு, ஏர்க்கால், நுகத்தடி. கம்பர் பெயரால் வழங்கும் ஏர் எழுபதில் அந்த உறுப்புகள் தனித்தனியாகப் பாடப்படுகின்றன. பெயர் உள்ள பொருளை மனிதர்கள் பார்க்கிறார்கள், பழுதானால் செப்பனிடுகிறார்கள், காணாமற்போனால் தேடுகிறார்கள். இந்தத் தண்டுறைக்கு எங்கள் ஊரில் பெயரே இல்லை. “அந்த பிளாஸ்டிக்கு” என்கிறார்கள். பெயரற்றதைக் கழற்றி எறிவது எளிது. நாமோ அரை நூற்றாண்டாக டிராக்டரைக் கதைகளில் மாட்டைத் துரத்திய வில்லனாக மட்டும் நிறுத்தியிருக்கிறோம். அதை ஓட்டுபவனின் கையைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்?

எனக்கு ஒரு சொல் தோன்றியது: காப்பு. காவல் என்று பொருள். கையைச் சுற்றி அணியும் வளையத்துக்கும் அதுவே பெயர். தண்டைச் சுற்றி வளையம்போல் நின்று காப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. நூல் தொடங்குமுன் காப்புச் செய்யுள் பாடும் மரபு நமக்குண்டு. உழவு தொடங்குமுன் காப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் அப்படி ஒரு மரபாகட்டும்.

சித்தப்பா மூன்றரை அடிதான் வாங்கினார், பல்சக்கரப் பெட்டியோடு. தண்டின் நீளத்தைச் சரிபார்த்து மாட்டிக் கொடுத்தேன். நீண்டால் பெட்டியை இடித்து உடைக்கும், குறைந்தால் பாதியில் கழன்றுவிடும். காப்பைக் கழற்றாமலே கிரீஸ் வைக்கும் வழியைக் காட்டினேன். கத்தி தரையில் இருக்கும்போது பின்னால் எடுக்கக் கூடாது, குனியுமுன் இஞ்சினை அணைத்துச் சாவியை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு விதிகள் சொன்னேன். சென்ற வாரம் போனபோது வேட்டியை மாற்றிக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்ற ஓட்டுநர் பையனிடம் கத்தினார்: “டேய், காப்புல விரிசல் விட்டிருக்கு பாரு, நாளைக்கு வேற வாங்கணும்!”